மலை மேல் நாகப்பட்டினம்

"காலைல ஏழு மணிக்கு ரெடியா இருங்க சார். எங்க ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

சொன்னவர் என் நண்பர். சொந்த ஊர் நாகப்பட்டினம். சொன்ன இடம், ஸ்காட்லாந்தின் வடக்கே இன்வர்னெஸ். இரண்டுக்கும் நடுவே எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. முந்தின ராத்திரி அவர் குடித்தது வெறும் மிளகு ரசம்தான் என்பதற்கு நானே சாட்சி. அதனால் வேறு சந்தேகமும் படமுடியவில்லை.

ஆபீஸ் வேலையாக எடின்பரோவுக்கு மூன்று வாரம் போயிருந்தேன். சனி, ஞாயிறு லீவில் ரயிலேறி இவரைப் பார்க்கப் போனேன். பன்னிரண்டு வருஷமாக இன்வர்னெஸ்ஸில் குப்பை கொட்டுகிறார். எட்டு மாதம் மழை, நாலு மாதம் மழை வருமா என்ற கவலை என்று அந்த ஊர் சீதோஷ்ணத்தை இரண்டே வரியில் சொல்லி முடித்துவிட்டார்.

"முதல்ல ஒரு ஏரி. அப்புறம் எங்க ஊர்" என்றார்.

அங்கே ஏரிக்கு 'லாக்' என்று பெயர். சும்மா 'லாக்' என்று சொன்னால் பூட்டு ஆகிவிடும். தொண்டையில் மீன்முள் சிக்கிய மாதிரி கடைசியில் லேசாகக் காறவேண்டும். நமது ஆய்த எழுத்தை 'அஃது', 'எஃகு' என்று இரண்டே வேலைக்கு வைத்துக்கொண்டு இத்தனை காலமாகத் தண்டச் சம்பளம் கொடுத்து வருகிறோம். பேசாமல் ஸ்காட்லாந்துக்கு டெபுடேஷனில் அனுப்பிவிடலாம்.

லாக் நெஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தண்ணீருக்குள் பூதம் இருக்கிறது என்று நம்பி உலகமே போய் போட்டோ எடுக்கிற ஏரி. நாங்கள் போனது அதற்கு வடக்கே, மலைகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் லாக் மோரி. அங்கே பூதம் கிடையாது. பஸ் கிடையாது. டீக்கடை கிடையாது. முக்கியமாக, செல்போன் சிக்னல் கிடையாது.

இந்தக் கடைசி அயிட்டம்தான் நண்பருக்கு வேண்டியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

* * *

தார் ரோடு ஒரு கட்டத்தில் "இதற்கு மேல் உன் பாடு" என்று நின்றுவிடுகிறது. காரை ஓரங்கட்டிவிட்டு நடந்தோம். பெரிய கேட் ஒன்று குறுக்கே வந்தது. நம் ஊர் ரத்தம், உடனே தயங்கினேன். "யாராவது வந்து கேட்டா?"

"கேக்கமாட்டாங்க. 2003-ல சட்டமே போட்டுட்டாங்க சார். ஒழுங்கா நடந்துக்கிட்டா, யார் நிலமா இருந்தாலும் பெரும்பாலும் நடந்து போகலாம். கேட்டைத் திறந்தா திருப்பிச் சாத்தணும். அவ்வளவுதான்."

திறந்தோம். சாத்தினோம். சட்டத்தை இவ்வளவு சுலபமாக நான் எங்கேயும் கடைப்பிடித்ததில்லை.

அக்டோபர் மாதம். மலைச்சரிவு முழுக்கக் காய்ந்த பெரணிச் செடி, துருப்பிடித்த தகரக் கலரில். நடுநடுவே பிர்ச் மரங்கள், மஞ்சள் இலையைச் சில்லறை மாதிரி உதிர்த்துக்கொண்டிருந்தன. ஏரி நாலு கிலோமீட்டர் நீளம் இருக்கும். ஆகாயம் என்ன கலரோ அதே கலரில், அசையாமல், கருஞ்சாம்பலாகக் கிடந்தது. எதிர்ச்சரிவிலிருந்து வயிற்றுவலி வந்த எருமை மாதிரி ஒரு சத்தம். இரண்டடி பின்வாங்கினேன்.

"கலைமான் சார். இது அதுங்களுக்குக் கல்யாண சீசன். பொண்ணு கேட்டுக் கத்துது."

அந்தக் குரலுக்கும் பெண் கிடைக்கிறது என்பது, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் வாசக நண்பர்களுக்கு ஆறுதலான செய்தி.

இந்த ஏரியிலிருந்து புறப்படும் ஆல்னெஸ் ஆறு, கீழே ஆல்னெஸ் ஊரில் டல்மோர் என்ற விஸ்கி ஆலைக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போகிறது. ஆலை 1839-ல் ஆரம்பித்தது. "நீங்க பாக்கிறது தண்ணி இல்ல, மூலப்பொருள்" என்றார் நண்பர். ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தேன். பல் கூசியதே தவிர வேறொன்றும் ஏறவில்லை. வருஷக்கணக்கில் பீப்பாயில் காத்திருக்க வேண்டுமாம்.

ஏரியின் தலைமாட்டில் கில்டர்மோரி என்ற இடம். மேரியின் கோயில் என்று அர்த்தம். கோயில் இன்று இடிபாடு. நண்பர் செருப்பைக் கழற்றுவது போல ஒரு கணம் ஷூ லேஸைத் தொட்டுவிட்டு, குளிர் ஞாபகம் வந்து நிமிர்ந்தார். "எங்க ஊர்லேர்ந்து பத்து கிலோமீட்டர்ல வேளாங்கண்ணி. சின்ன வயசுல நடந்தே போவோம். இங்கயும் தண்ணி ஓரமா ஒரு மாதா இருந்திருக்கா பாருங்க."

ஒரு பாறையில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். பேண்டில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. சுற்றிப் பார்த்தேன். மலை, தண்ணீர், தூரத்தில் வேட்டைக்கு வருகிறவர்கள் தங்கும் பங்களா. வேறு ஈ காக்கை இல்லை.

"அப்பா! என்ன அமைதி! மனுஷனே காலடி வைக்காத இடம்" என்றேன்.

நண்பர் மென்று முழுங்கிவிட்டுச் சொன்னார்: "காலடி வெச்சவங்களைக் கிளப்பிவிட்ட இடம் சார் இது."

* * *

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

ஒரு காலத்தில் இந்த மலைநாட்டில் குலத்தலைவன் என்றால், கூப்பிட்ட குரலுக்கு எத்தனை பேர் கத்தியோடு வருகிறார்கள் என்பதுதான் அவன் சொத்துக் கணக்கு. 1746-ல் கலோடன் போரில் மலைக்காரர்களின் கலகப்படை தோற்றது. அடுத்த வருஷமே தலைவர்களின் பரம்பரை நீதி அதிகாரத்தைச் சட்டம் போட்டுப் பிடுங்கிவிட்டார்கள். அதற்கப்புறம் கத்தியோடு ஆள் வந்து என்ன பிரயோஜனம்? காசு வந்தால் தேவலை. தலைவர்கள் மெல்ல வெறும் மிராசுதார்கள் ஆனார்கள்.

அப்போதுதான் தெற்கிலிருந்து செம்மறி ஆடு வந்தது. நாற்பது குடும்பம் மாடு மேய்த்துக் கொடுக்கிற குத்தகையைவிட, ஒரே ஒரு ஆட்டுப் பண்ணைக்காரன் அதிகமாகக் கொடுப்பான் என்றால் எந்த மிராசுதார் மனசு நிலையாக நிற்கும்? ஆட்டுக்கு மலை வேண்டும், குளிர்காலத்தில் பள்ளத்தாக்கும் வேண்டும். பள்ளத்தாக்கில் மனிதர்கள் இருந்தார்கள். அதுதான் பிரச்னை.

கில்டர்மோரி மேய்ச்சல் நிலத்தை வெளியூரிலிருந்து வந்த கேமரன் சகோதரர்கள் ஆட்டுக்காகக் குத்தகை எடுத்தார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கு ஸ்ட்ராத்ரஸ்டேல். அந்த ஊர் மாடுகள் காலம்காலமாக இங்கேதான் மேய்ந்தவை. மாட்டுக்குக் குத்தகைப் பத்திரம் படிக்கத் தெரியுமா? வழக்கம்போல வந்தன. பிடித்துப் பட்டியில் அடைத்துவிட்டார்கள். அபராதம் கட்டு, ஓட்டிப் போ.

ஊர் பொறுத்துப் பார்த்தது. கடைசியில் திரண்டு வந்து பட்டியைத் திறந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போயிற்று. அதோடு விட்டார்களா? 1792 ஜூலைக் கடைசியில் ஸ்ட்ராத்ரஸ்டேலில் ஒரு கல்யாணம். கல்யாண வீட்டில் நாலு பேர் கூடினால் என்ன பேசுவார்கள்? சாம்பாரில் உப்பில்லை என்பார்கள். இவர்கள் ஒரு முடிவே எடுத்துவிட்டார்கள்: இந்த வட்டாரத்து ஆடுகள் மொத்தத்தையும் வளைத்து, தெற்கே ஓட்டி, ஜில்லா எல்லையைத் தாண்டி விட்டுவிடுவது!

ஓட்டவும் செய்தார்கள். நூற்றுக்கணக்கான ஆண்கள், ஆயிரக்கணக்கான ஆடுகள். ரத்தம் சிந்தவில்லை. திருடிக்கொள்ளவுமில்லை. "வந்த வழியே போ", அவ்வளவுதான். மலைக்காரர்கள் தங்கள் கேலிக் மொழியில் அந்த வருஷத்துக்கு 'ஆடுகளின் வருஷம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அது பிரெஞ்சுப் புரட்சிக் காலம். நாலு ஆடு ஓடினாலும் அரண்மனைக்கு ராஜா தலை ஞாபகம் வரும். 42-வது மலைநாட்டுப் படையிலிருந்து சிப்பாய்கள் புறப்பட்டார்கள். படை வருகிற சேதி கேட்டு ஆடு ஓட்டியவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கலைந்துவிட, மிச்சமிருந்தவர்களைப் பிடித்தார்கள். செப்டம்பரில் இன்வர்னெஸ்ஸில் விசாரணை. சிலருக்கு நாடு கடத்தல்வரைக்கும் தண்டனை. ஆனால் தண்டனை பெற்றவர்கள் கொஞ்ச நாளிலேயே ஜெயிலிலிருந்து மாயமாகிவிட்டார்கள். தேடவேண்டியவர்கள் ரொம்ப மும்முரமாகத் தேடியதாகத் தெரியவில்லை. ஜெயில்காரருக்கும் ஒரு ஊர், ஒரு மாடு இருந்திருக்கலாம்.

கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜெயித்தது ஆடுதான். அடுத்த அறுபது வருஷத்தில் மலைநாடு முழுக்கப் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் காலி. கடலோரத்துக்குக் கொஞ்சம், கிளாஸ்கோ மில்லுக்குக் கொஞ்சம், கனடாவுக்குக் கப்பலில் மிச்சம். கூடவே பாஷையும் போயிற்று. 2022 ஜனத்தொகைக் கணக்கில், ஐம்பத்துநாலு லட்சம் பேர் உள்ள நாட்டில், கேலிக் மொழி கொஞ்சமாவது தெரிந்தவர்கள் சுமார் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர்தான்.

நான் கை தட்டிப் பாராட்டிய அமைதி, இப்படி வந்தது.

"அந்தக் குத்தகை கொடுத்த மிராசுதார் யாரு?" என்று கேட்டேன்.

"அவரைத்தான் இப்பப் பாக்கப் போறோம்" என்று டிபன் டப்பாவை மூடினார்.

* * *

ஃபைரிஷ் மலை உயரம் 452 மீட்டர். பழனி மாதிரி படிக்கட்டு இருக்கும் என்று நினைத்தேன். சேறு இருந்தது. ஒன்றரை மணி நேரம் ஏறினோம். என் மூச்சு அந்தக் கலைமான் சத்தத்தோடு போட்டி போட்டது. மரங்கள் விலகி உச்சி தெரிந்தபோது, அங்கே, ஆகாயத்தை முதுகில் வைத்துக்கொண்டு ஒரு வாசல் நின்றது. நடுவில் வளைவுகள், இரண்டு பக்கமும் தூண் தூணாகக் கோபுரங்கள். வீடு இல்லை, கோட்டை இல்லை, மதில் இல்லை. வெறும் வாசல்.

"வாங்க சார், வாங்க. நாகப்பட்டினம் உங்களை அன்புடன் வரவேற்கிறது" என்று கை கூப்பினார் நண்பர்.

விளையாட்டில்லை. 1781 நவம்பரில், டச்சுக்காரர்கள் கையிலிருந்த நாகப்பட்டினத்தை முற்றுகை போட்டுப் பிடித்தவர் சர் ஹெக்டர் மன்ரோ. இந்த மலைக்குக் கீழே நோவார் எஸ்டேட் அவருடையது. ஊர் திரும்பிய கையோடு, 1782-ல், நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் மாதிரி என்று சொல்லி இதைக் கட்டவைத்தார். 'சர் ஹெக்டர் மன்ரோ' என்றதும் மௌன்ட் ரோடு குதிரைக்காரரை நினைக்காதீர்கள். சேணமில்லாத குதிரையில் உட்கார்ந்திருப்பவர் சர் தாமஸ். இவர் வேறு.

நம்ம ஹெக்டர், 1764-ல் பக்ஸர் சண்டையில் ஜெயித்தவர். 1778-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பாண்டிச்சேரியைப் பிடித்தவர். ஆனால் 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையைத் துவம்சம் செய்தபோது, கூப்பிடு தூரத்தில் பெரிய படையோடு இருந்தும் நேரத்துக்குப் போய்ச் சேராதவரும் இவரே. கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டு மெட்ராஸுக்குப் பின்வாங்கினார். பெய்லியும் இதே இன்வர்னெஸ் பக்கத்து ஆள். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்துபோனார்.

மலை உச்சியில் காஞ்சிபுரத்துக் குளத்தின் மாதிரி எதையும் மன்ரோ வெட்டவில்லை. நாம்கூட பயோடேட்டாவில் அரியர்ஸ் போடுகிறோமா என்ன?

இதைக் கட்டியதற்கு இன்னொரு காரணமும் சொல்கிறார்கள். ஊரில் அப்போது கடும் வேலையில்லாத் திண்டாட்டம். சும்மா காசு கொடுத்தால் மலைக்காரன் ரோஷக்காரன், வாங்கமாட்டான். அதனால் வாசல் கட்டும் வேலை. அதிலும், வேலை சீக்கிரம் முடிந்துவிடக்கூடாதே என்று மன்ரோ ராத்திரியில் கல்லை உச்சியிலிருந்து கீழே உருட்டிவிடுவாராம். மறுநாள் அதே கல்லைத் திரும்ப மேலே ஏற்றக் கூலி. இது ஊர்க்கதை. நிஜமோ பொய்யோ, ஆபீஸில் வேலை பார்க்கும் எனக்கு உடனே நம்பத் தோன்றியது. மேலே போன ஃபைல் மறுநாள் காலையில் என் மேஜைக்கே திரும்பி வந்து நிற்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! அதற்கும் சம்பளம் கொடுக்கத்தான் கொடுக்கிறார்கள்.

"ஆக, நல்ல மனுஷன்தான்" என்றேன்.

"கில்டர்மோரியை ஆட்டுக்காரங்களுக்குக் குத்தகை விட்டதும் இவருதான். 1792-ல் பட்டாளம் வந்துச்சே 42-வது, அதுக்கு அப்ப கர்னலும் இவருதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே மனிதர். கூலி கொடுத்த கை அதுவே. ஊரைக் காலி பண்ணிய கையெழுத்தும் அதுவே. கெட்டவனாகவே இருந்து தொலைத்தால் நமக்கும் திட்டச் சுலபமாக இருக்கும்.

"கதை இன்னும் முடியலை" என்றார் நண்பர். "அதே 1792 டிசம்பர்ல வங்காளத்துல சாகர் தீவுக்கு வேட்டைக்குப் போன இவரோட பையனைப் புலி அடிச்சிடுச்சு. வெள்ளைக்காரன் மேல புலி பாயற மாதிரி திப்பு ஒரு மரப் பொம்மை வெச்சிருந்தார்ல, கைப்பிடியைச் சுத்தினா உறுமுமே, இப்பக்கூட லண்டன் மியூசியத்துல இருக்கு. இந்தச் சாவைக் கேட்டுத்தான் அதைச் செஞ்சாருன்னு ஒரு கதை."

ஒரே வருஷம். இந்தப் பக்கம் ஆடு, அந்தப் பக்கம் புலி. சின்ன வயதில் கோயில் திண்ணையில் கோடு கீறி, புளியங்கொட்டை வைத்து ஆடு புலி ஆட்டம் ஆடியிருப்பீர்கள். அதில் ஆடுகள் சேர்ந்து புலியை மடக்கினால் ஆட்டுக்கு ஜெயம், ஆட்டை வெட்டித் தீர்த்தால் புலிக்கு ஜெயம். ஆடும் ஜெயித்து, புலியும் ஜெயித்து, திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் ஊரைவிட்டுப் போன ஆட்டம் இது ஒன்றுதான்.

* * *

வாசலின் கீழே காற்றுக்கு ஒதுங்கி நின்றோம். தூரத்தில் குரோமார்ட்டி கடற்கழியில் எண்ணெய் தோண்டும் மேடைகள் கால் நீட்டி ரெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் நண்பரின் சட்டைப்பைக்குள் 'டிங் டிங் டிங்' என்று ஒரே நேரத்தில் ஏழெட்டு. மலை உச்சியில் சிக்னல் வந்துவிட்டது.

எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது. "தம்பி."

விஷயம் இதுதான். நாகப்பட்டினத்தில் அப்பா கட்டிய வீடு. 2004 சுனாமியில் இடுப்பளவு தண்ணீர் ஏறியும் விழாமல் நின்ற வீடு. அப்பா போய்விட்டார். அம்மா தம்பியோடு கோயம்புத்தூரில். வீடு பூட்டிக் கிடக்கிறது. நல்ல விலைக்கு ஆள் வந்திருக்கிறது. இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப்போகிறார்களாம். இவர் பவர் எழுதிக் கொடுத்தால் போதும். தம்பி மூன்று வாரமாகக் கேட்கிறான், இவர் மூன்று வாரமாகச் சிக்னல் இல்லாத ஏரியாகப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறார்.

"இவங்களை ஆடு துரத்திச்சு சார். கோபப்பட ஒரு மன்ரோ இருந்தார். என்னை யார் துரத்தினா? நானாத்தானே பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டு வந்தேன். யாரைத் திட்டுறது?"

பதில் சொல்கிற வயது எனக்கு இன்னும் வரவில்லை. ஃப்ளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை ஊற்றிக் கொடுத்தேன். ஆறிப்போயிருந்தது.

மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தார். காற்றில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "சொல்றா... ம்... ம்... சரி, அனுப்பு, கையெழுத்துப் போடறேன்... ஆமா, போடறேன்னுதான் சொல்றேன்... அம்மாகிட்ட நானே பேசறேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அண்ணாந்து அந்த வளைவைப் பார்த்தார். இருநூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன வெறும் வாசல்.

"டேய், ஒண்ணு மட்டும் செய்டா. இடிக்கறதுக்கு முன்னாடி அந்த வாசக்கதவை நிலையோட பத்திரமாப் பேத்து எடுத்து வெச்சுடு... ஆமாண்டா, தேக்கு நிலை, அதான்... என்னத்துக்கா? எனக்கு வேணும், எடுத்து வை!"

மறுமுனையில் தம்பி கேட்டது காற்றையும் மீறி எனக்கே தெளிவாகக் கேட்டது:

"எடுக்கிறேண்ணே. அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பே?"